உள்ளமும் சமூகமும்: இப்னு கல்தூன் முதல் பிளிதா மருத்துவமனை வரை

மனித உள்ளம் சமூகத்தை உருவாக்குகின்றதா, சமூகம் மனித உள்ளத்தை உருவாக்குகின்றதா என்ற வினா சிந்தனை வரலாற்றில் மிகப் பழமையானது. நவீன காலத்தில் உளவியல் தனிமனிதனைத் தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டது. சமூகவியல் கூட்டு வாழ்வைத் தன் எல்லையாக வகுத்துக் கொண்டது. இவ்விரு துறைகளுக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர் கல்விக்கூடங்களின் வசதிக்காக எழுந்ததேயன்றி, மனித வாழ்வில் அவ்வாறானதொரு சுவர் இல்லை. ஒருவனது அச்சமும் துணிவும், நாணமும் பெருமிதமும், அவன் நோயுறும் விதமும் கூட அவன் வாழும் சமூக ஒழுங்கின் முத்திரையைத் தாங்கியே நிற்கின்றன. அதேவேளை அச்சமூக ஒழுங்கு நிலைப்பதும் சரிவதும் அவ்வுள்ளங்களின் நிலையைப் பொறுத்தே அமைகின்றன.

இவ்வினாவைக் கோட்பாட்டளவில் மட்டும் ஆராய்வது நமது நோக்கமன்று. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில், ஒரு குறிப்பிட்ட முஸ்லிம் சமூகத்தின் வாழ்வில் இவ்வினா எவ்வாறு உயிர்ப்பிரச்சினையாக எழுந்தது என்பதையே இங்கு நோக்க விரும்புகின்றோம். அந்நிலம் அல்ஜீரியா. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தமது முகத்திமாவை எழுதியது அம்மண்ணில்தான். இருபதாம் நூற்றாண்டில் மாலிக் பின் நபி பிறந்ததும், பிரான்ட்ஸ் ஃபனான் என்ற உளமருத்துவர் பணியாற்றியதும் அதே மண்ணில்தான். இம்மூவரும் ஒரே பாசறையைச் சேர்ந்தவர்களல்லர். ஒருவர் காழியாகவும் அரசியலாளராகவும் வாழ்ந்த பேரறிஞர். ஒருவர் மின்பொறியியல் கற்ற இஸ்லாமிய சிந்தனையாளர். மற்றவர் கரீபியன் தீவொன்றில் பிறந்த, முஸ்லிமல்லாத மருத்துவர். எனினும் மூவரும் எதிர்கொண்ட வினா ஒன்றே.

முகத்திமாவில் மனித உள்ளம்

இப்னு கல்தூன் ஹி. 732இல் (கி.பி. 1332) தூனிஸில் பிறந்து, ஹி. 808இல் (கி.பி. 1406) கெய்ரோவில் காலமானார். கொள்ளைநோய் தூனிஸைத் தாக்கியபோது பதினேழு வயதளவில் பெற்றோரை இழந்தார். பின்னர் மஃரிபினதும் அந்தலூஸினதும் அரசவைகளில் பதவிகளையும் சிறைவாசத்தையும் மாறிமாறி அனுபவித்தார். 1375ஆம் ஆண்டளவில் அரசியலிலிருந்து ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவின் பிரன்தா நகருக்கு அண்மையிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்ற கோட்டையில் தங்கினார். அங்குதான் ஹி. 779இல் (1377) ஐந்து மாத காலத்துள் முகத்திமாவின் முதல் வரைவை எழுதி முடித்தார்.

அஸபிய்யா, உம்ரான் ஆகிய கருத்துக்களுக்காகவே முகத்திமா பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின் அந்நூலில் உளவியல் நோக்குடைய பகுதிகள் பல உள. மனிதன் தன் பிறவி இயல்பின் விளைவு என்பதை விடத் தன் வழக்கங்களின் விளைவே என்ற கருத்து அந்நூலில் அடிப்படையான ஒன்றாக விளங்குகின்றது. பாலைவாழ் மக்கள் துணிவுமிக்கோராகவும், நகரவாழ் மக்கள் அத்துணிவை இழந்தோராகவும் காணப்படுவது ஏன் என அவர் வினவுகின்றார். அவர் தரும் விடை இரத்தத்தைப் பற்றியதன்று. முன்னையவர் தமது பாதுகாப்பைத் தாமே கவனித்துக் கொள்கின்றனர். பின்னையவரோ மதிலையும் ஆட்சியாளனின் காவலையும் நம்பி உறங்குகின்றனர். நாளடைவில் இவ்வழக்கம் இரண்டாம் இயல்பாக உள்ளத்தில் படிந்து விடுகின்றது.

இதைத் தொடர்ந்து அவர் முன்வைக்கும் நுட்பமான வேறுபாடு கவனத்திற்குரியது. அடக்குமுறையின் மூலம் திணிக்கப்படும் சட்டம் மக்களின் மனவலிமையை முறிக்கின்றது. ஆயின் ஸஹாபாக்கள் மார்க்கச் சட்டங்களுக்கு முழுமையாகக் கட்டுப்பட்டிருந்தும் மக்களுள் மிகத் துணிவுடையோராக விளங்கினர். காரணம், அவர்களைத் தடுத்தாண்ட சக்தி வெளியிலிருந்து வரவில்லை; ஈமானிலிருந்து, உள்ளிருந்தே எழுந்தது. கட்டுப்பாடு என்பது ஒன்றே. அது எங்கிருந்து வருகின்றது என்பதே உள்ளத்தில் அது ஏற்படுத்தும் விளைவைத் தீர்மானிக்கின்றது. இதே அடிப்படையில்தான், மாணவரைக் கடுமையாக நடத்தும் போதனை முறை அவர்களிடம் சோம்பலையும் பொய்யையும் சூழ்ச்சியையும் வளர்க்கும் என ஆறாம் அத்தியாயத்தில் அவர் எச்சரிக்கின்றார். தண்டனைக்கு அஞ்சி உள்ளத்தில் உள்ளதற்கு மாறாக நடக்கப் பழகும் பிள்ளைக்கு அந்நடிப்பே குணமாகி விடுகின்றது. தனிமனிதனிடம் நிகழும் இது, அடக்கியாளப்படும் சமூகங்களிடமும் அவ்வாறே நிகழ்கின்றது என்பது அவரது முடிவு.

இரண்டாம் அத்தியாயத்தில் அவர் கூறும் இன்னொரு கருத்து நமது தலைப்பிற்கு மையமானது. தோற்கடிக்கப்பட்ட மக்கள் வென்றவர்களை உடையிலும் ஆயுதத்திலும் பழக்கவழக்கங்களிலும் பின்பற்ற விழைகின்றனர். தமது தோல்விக்குச் சாதாரண காரணங்கள் இருந்தன என ஏற்க அவர்களது உள்ளம் மறுக்கின்றது. வென்றவனிடம் ஏதோ நிறைவு இருப்பதாலேயே அவன் வென்றான் என எண்ணி ஆறுதலடைகின்றது. அந்நிறைவை அவனது நடையுடை பாவனைகளில் தேடுகின்றது. அரசியல் தோல்வி எவ்வாறு உளத் தோல்வியாக மாறுகின்றது என்பதை இவ்வளவு தெளிவாக அவருக்கு முன்னர் விளக்கியோர் அரிதே.

உளமருத்துவத்தின் போர்வையில் இனவாதம்

1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைக் கைப்பற்றத் தொடங்கியது. தொடர்ந்து வந்த பல தசாப்தங்களில் விளைநிலங்கள் குடியேறிகளின் கைகளுக்கு மாறின. வக்ஃபு சொத்துக்கள் அரசுடைமையாக்கப்பட்டன. அவற்றை நம்பியிருந்த கல்வி நிலையங்கள் நலிவுற்றன. 1881இல் முறைப்படுத்தப்பட்ட சுதேசிகளுக்கான தனிச் சட்டக்கோவை, முஸ்லிம்களை அவர்களது சொந்த நாட்டிலேயே வேறொரு நீதிக்கு உட்படுத்தியது. ஒரு சமூகத்தின் பொருளாதாரமும் கல்வியும் சட்டமும் ஒருங்கே சிதைக்கப்பட்டால் அச்சமூகத்தின் உறுப்பினர்களிடம் சிதைவின் அறிகுறிகள் தென்படுவது இயல்பு. ஆயின் அல்ஜியர்ஸ் மருத்துவ பீடத்தில் உருவான உளமருத்துவப் பள்ளி இவ்வறிகுறிகளை முற்றிலும் வேறு விதமாக வாசித்தது.

அப்பள்ளியின் தலைவர் அந்துவான் போரோ. முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சுப் படைக்குச் சேர்க்கப்பட்ட முஸ்லிம் வீரர்களை நோயாளர்களாகக் கண்ட அனுபவத்தைக் கொண்டு, 1918இல் முஸ்லிம்களின் உளமருத்துவம் பற்றிய குறிப்புகளை அவர் வெளியிட்டார். ஆர்வமின்மை, எளிதில் நம்பும் இயல்பு, பிடிவாதம் ஆகியவை சுதேச முஸ்லிமின் உளப்பண்புகளாக அதில் வகுக்கப்பட்டன. 1932இல் அல்ஜீரியச் சுதேசியின் குற்ற உந்துதல் பற்றி இன்னொருவருடன் இணைந்து எழுதினார். 1939இல் ழான் சுத்தேருடன் இணைந்து வட ஆபிரிக்கரின் ‘ஆதிநிலை’ பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மூளையின் மேற்பட்டை இவர்களிடம் போதிய ஆதிக்கம் பெறவில்லை. கீழ்ப்பகுதிகளே இவர்களது வாழ்வை நடத்துகின்றன என்பது இப்பள்ளியின் துணிபாக இருந்தது.

இது அல்ஜீரியாவுக்கு மட்டும் உரிய போக்கன்று. கென்யாவில் பணியாற்றிய கரோதர்ஸ் என்ற மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்திற்காக 1953இல் எழுதிய நூலில், ஆபிரிக்கர் தமது மூளையின் முன்மடல்களை மிகக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர் எனக் கூறி, அவர்களை முன்மடல் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஐரோப்பியருக்கு ஒப்பிட்டார்.

இக்கூற்றுக்களின் அறிவியல் வறுமையை இன்று எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. அவை ஆற்றிய பணியையே நாம் கவனிக்க வேண்டும். ஒரு சமூகத்தின் துயரம் அதன் மூளையமைப்பிலிருந்து வருவதாக நிறுவப்பட்டு விட்டால், அத்துயரத்திற்கு ஆட்சியாளன் பொறுப்பாளியல்லன். வரலாறு இயற்கையாக மாற்றப்படுகின்றது. அநீதி நோயாகப் பெயரிடப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர் இதனைப் பாடமாகக் கற்று, அக்கண்கொண்டே நோயாளரைப் பார்த்தனர்.

பிளிதாவில் இரு விடுதிகள்

1925இல் மார்த்தினிக் தீவில் பிறந்த ஃபனான், இரண்டாம் உலக யுத்தத்தில் சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் போரிட்டுக் காயமுற்றவர். பின்னர் லியோனில் மருத்துவம் கற்றார். 1952இல் வெளிவந்த ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்ற அவரது முதல் நூல், ஆளப்படுவோன் ஆள்வோனின் மொழியையும் சாயலையும் பூண்டு தன்னையே வெறுக்கப் பழகும் நிலையை ஆராய்ந்தது. இப்னு கல்தூன் சுட்டிய அதே நிகழ்வே இங்கு நோயியலின் மொழியில் பேசப்படுகின்றது. ஃபனான் முகத்திமாவிலிருந்து இதனைப் பெற்றார் என நாம் கூறவில்லை. ஒரே உண்மையை இருவேறு காலங்களில் இருவர் கண்டனர் என்பதே நமது கருத்து.

அதே ஆண்டில், லியோனில் வாழ்ந்த வட ஆபிரிக்கத் தொழிலாளர் பற்றி அவர் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. உடலெங்கும் வலி எனக் கூறி வரும் தொழிலாளியிடம் மருத்துவர் எந்தப் புண்ணையும் காண்பதில்லை. ஆகவே அவன் பாசாங்கு செய்கின்றான் என முடிவு செய்கின்றார். ஃபனானோ அவனது குடும்பம் எங்கே, வீடு எங்கே, நாளைய உறுதிப்பாடு எங்கே எனக் கேட்டார். உடலில் இடம் காட்ட முடியாத அவ்வலிக்கு வாழ்வில் இடம் இருந்தது.

தென் பிரான்சின் செந்த் அல்பான் மருத்துவமனையில் தொஸ்கெய்யஸ் என்ற கத்தலானிய மருத்துவரிடம் ஃபனான் பயிற்சி பெற்றார். நோயாளியை மட்டுமன்றி மருத்துவமனை என்ற சிறு சமூகத்தையும் குணப்படுத்த வேண்டும் என்பது அங்கு கற்ற பாடம். கூட்டங்கள், பத்திரிகை, கைவினை, விழாக்கள் ஆகியவற்றின் மூலம் நோயாளியின் சமூக உறவுகளை மீட்டெடுப்பதே இம்முறை. 1953 நவம்பரில் அல்ஜியர்ஸுக்குத் தென்மேற்கேயுள்ள பிளிதா-ழுவான்வில் மருத்துவமனைக்கு வந்த ஃபனான், தமது பொறுப்பிலிருந்த விடுதிகளில் இம்முறையை அறிமுகப்படுத்தினார். அங்கு 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தனர்.

பெண்கள் விடுதியில் மாற்றம் விரைவாகத் தெரிந்தது. கிறிஸ்மஸ் கொண்டாடப்பட்டது, திரைப்படக் குழுவும் இசைக் குழுவும் அமைந்தன, நோயாளரே எழுதும் பத்திரிகை வந்தது. முஸ்லிம் ஆண்களின் விடுதியிலோ முயற்சி முற்றிலும் தோல்வியுற்றது. கூட்டங்களில் எவரும் ஈடுபாடு காட்டவில்லை. கைவினைக்கூடம் வெறுமையாயிற்று. போரோவின் மாணவர் ஒருவர் அங்கிருந்திருந்தால், ஆதிநிலைக் கோட்பாட்டிற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை எனக் கூறியிருப்பார்.

ஃபனானும் அவரது உதவி மருத்துவர் ழாக் அசுலேயும் 1954இல் வெளியிட்ட கட்டுரை உளமருத்துவ வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. தோல்விக்கான காரணத்தை அவர்கள் நோயாளரின் மூளையில் தேடவில்லை. தமது முறையிலேயே தேடினர். மேற்கத்திய சமூகத்தின் வடிவங்களை மற்றொரு சமூகத்தின் மீது அப்படியே பொருத்த முயன்றதன் மூலம், ஒன்றுகலத்தல் என்ற காலனித்துவக் கொள்கையையே தாமும் நடைமுறைப்படுத்தியதாக அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

அவர்கள் கண்டறிந்த விவரங்கள் எளியவை, ஆயின் ஆழமானவை. மருத்துவர் மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினார். அல்ஜீரிய முஸ்லிம் தன் வாழ்வில் மொழிபெயர்ப்பாளனை எங்கே சந்தித்திருந்தான்? நீதிமன்றத்திலும் நிர்வாக அலுவலகத்திலும்தான். எனவே விடுதியில் மொழிபெயர்ப்பாளன் வாய் திறந்ததுமே நோயாளியின் உள்ளம் மூடிக்கொண்டது. பாய், கூடை பின்னுமாறு கூறப்பட்டோர் உழவர். அவர்களது வழக்கில் அது பெண்களின் வேலை. மண்வெட்டியைக் கொடுத்தபோது அவர்கள் தோட்டத்தில் விருப்புடன் உழைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறிவற்றோர். பத்திரிகை அவர்களுக்கு என்ன பொருள் தரும்? மாலைப்பொழுதை அவர்கள் கழித்தது நாடக அரங்கிலன்று. கோப்பிக்கடையிலும், ஊர்தோறும் சென்று கதை கூறுவோனைச் சூழ்ந்தும்தான்.

இவற்றை உணர்ந்த பின் விடுதியில் மஃரிபு முறைக் கோப்பிக்கடை ஒன்று திறக்கப்பட்டது. முஸ்லிம்களின் பெருநாட்கள் ஒழுங்காகக் கொண்டாடப்பட்டன. தொழில்முறைக் கதைசொல்லி அழைக்கப்பட்டார். நோயாளர் மெல்ல மெல்ல ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர். மூளை மாறவில்லை, சூழல் மாறியது. அவர்களுக்கு அறிமுகமான ஒரு சமூகத்தின் நிழல் மருத்துவமனைக்குள் மீண்டதும், உள்ளம் தன் வழியை அறிந்து கொண்டது.

சோதிப்பவனைச் சோதித்த சோதனைகள்

இதே நோக்கில் மேலும் சில ஆய்வுகள் தொடர்ந்தன. படங்களைக் காட்டிக் கதை கூறச் செய்யும் உளச்சோதனை அக்காலத்தில் உலகெங்கும் பயன்பட்டது. முஸ்லிம் பெண்களிடம் இதனைப் பயன்படுத்திய ஃபனானும் சார்ல் ழெரொனிமியும் 1956இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். ஐரோப்பிய இல்லங்களையும் உடைகளையும் சூழலையும் காட்டிய படங்கள் முன் அப்பெண்கள் தடுமாறினர். படத்தில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டனரேயன்றிக் கதை பிறக்கவில்லை. எதுவுமே வரையப்படாத வெற்று அட்டை தரப்பட்டபோதோ அவர்களது கற்பனை தடையின்றி வெளிப்பட்டது. கற்பனை வறுமை அப்பெண்களிடம் இருக்கவில்லை. அது சோதனையில் இருந்தது.

1955இல் ரேமோன் லக்காத்தோனுடன் இணைந்து, குற்ற ஒப்புதல் பற்றிய ஆய்வொன்றை ஃபனான் முன்வைத்தார். பொலிஸாரிடம் குற்றத்தை ஏற்கும் முஸ்லிம் குற்றவாளி, பின்னர் அதனை முற்றாக மறுப்பது அடிக்கடி நிகழ்ந்தது. சுதேசி பிறவிப் பொய்யன் என்பது வழமையான விளக்கம். ஃபனான் அளித்த விளக்கம் வேறு. ஒப்புதல் என்பது ஒருவன் தான் அங்கம் வகிக்கும் சமூகத்தினுள் மீள நுழைவதற்கான வாயில். அச்சமூகம் தன்னை ஒருபோதும் அங்கத்தவனாக ஏற்காதபோது, எந்த உடன்படிக்கைக்கு அவன் திரும்பிச் செல்வது? அதிகாரத்திற்கு அவன் பணியலாம். ஆயின் பணிதல் வேறு, ஏற்றல் வேறு. வெளியிலிருந்து திணிக்கப்படும் சட்டத்தையும் உள்ளிருந்து எழும் கட்டுப்பாட்டையும் இப்னு கல்தூன் வேறுபடுத்தியதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது.

பிரான்சுவா சன்சேயுடன் எழுதிய மற்றொரு கட்டுரை, மஃரிபு முஸ்லிம்கள் மனநோயாளியை நோக்கும் விதத்தை ஆராய்ந்தது. நோயாளியின் செயல்களுக்கு அவனைப் பொறுப்பாளியாக்காது, ஜின்னின் பாதிப்பை அவனிலிருந்து பிரித்து நோக்கும் சமூகம், அவனது மனித மதிப்பைக் குறைப்பதில்லை. குணமடைந்தவன் தயக்கமின்றித் தன் இடத்திற்குத் திரும்புகின்றான். நோய்க்கான விளக்கத்தை ஃபனான் ஏற்கவில்லை. ஆயின் அவ்விளக்கம் நோயாளிக்கு அளித்த கண்ணியத்தை அவர் மதித்தார்.

யுத்தமும் உள்ளமும்

1954 நவம்பர் 1இல் விடுதலைப் போர் ஆரம்பமாயிற்று. பிளிதா மருத்துவமனைக்கு இரு தரப்பினரும் வரத் தொடங்கினர். சித்திரவதைக்கு உள்ளானோர் வந்தனர். சித்திரவதை செய்தோரும் வந்தனர். 1961இல் வெளிவந்த ‘பூமியின் சபிக்கப்பட்டவர்கள்’ நூலின் இறுதிப் பகுதியில் ஃபனான் இந்நோயாளர் பற்றிய குறிப்புகளைத் தந்துள்ளார். கைதிகளை வதைப்பதைத் தொழிலாகக் கொண்ட பொலிஸ் அதிகாரி ஒருவர், வீட்டில் தம் மனைவியையும் குழந்தைகளையும் அடித்துத் துன்புறுத்தினார். அவர் தொழிலைக் கைவிட விரும்பவில்லை. மன உறுத்தலின்றி அதைத் தொடர உதவுமாறே மருத்துவரிடம் கேட்டார். ஐரோப்பிய விளையாட்டுத் தோழனைக் கொன்ற, 13உம் 14உம் வயதான இரு அல்ஜீரியச் சிறுவர்களும் அக்குறிப்புகளில் இடம்பெறுகின்றனர்.

இக்குறிப்புகள் ஓர் உண்மையை நிறுவுகின்றன. அநீதியான ஒழுங்கு அடக்கப்படுவோனின் உள்ளத்தை மட்டும் சிதைப்பதில்லை. அடக்குவோனையும் அது விட்டுவைப்பதில்லை. அலுவலகத்தில் பழகிய கை வீட்டிலும் ஓங்குகின்றது.

அல்ஜீரியரின் ‘குற்ற உந்துதல்’ பற்றியும் அந்நூல் பேசுகின்றது. பசியும் கடனும் சூழ்ந்த வாழ்வில், தன் துயரத்தின் மூலகாரணமான குடியேறியை உழைப்பாளி அன்றாடம் காண்பதில்லை. அவன் காண்பது தன்னைப் போன்றே வறிய அயலவனையும் கடன் தர மறுக்கும் கடைக்காரனையும்தான். ஆகவே வன்முறை பக்கவாட்டில் பாய்கின்றது. போர் ஆரம்பித்த பின் இவ்வகைக் குற்றங்கள் பெரிதும் குறைந்தன என்பது ஃபனானின் அவதானம். பிறவி இயல்பு என்றால் அது அரசியல் நிகழ்வொன்றால் மாறுவது எவ்வாறு?

1956இன் இறுதியில் ஃபனான் பதவி விலகினார். மனிதன் தன் சூழலில் அந்நியனாகாதிருக்க உதவுவதே உளமருத்துவத்தின் பணியெனில், சொந்த நாட்டிலேயே நிரந்தர அந்நியனாக்கப்பட்ட அறபு மனிதனுக்கு அப்பணி என்ன செய்ய இயலும் என்பது அவரது விலகல் கடிதத்தின் சாரம். 1957 ஜனவரியில் அவர் நாடு கடத்தப்பட்டார். தூனிஸில் விடுதலை இயக்கத்திற்காகவும் மருத்துவராகவும் பணியாற்றி, 1961 டிசம்பர் 6இல் தமது 36ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவரது உடல் அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பணியாற்றிய பிளிதா மருத்துவமனை இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாலிக் பின் நபி: வினாவின் மறுபக்கம்

சமூகம் உள்ளத்தை உருவாக்குகின்றது என்பதோடு நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையையே கூறியவர்களாவோம். மறுபாதியை 1905இல் கொன்ஸ்தந்தீனில் பிறந்த மாலிக் பின் நபி வலியுறுத்தினார். 1954இல் வெளியான இஸ்லாத்தின் பணி பற்றிய தமது நூலில், காலனித்துவத்திற்கு இடமளிக்கும் தன்மை என்ற கருத்தை அவர் விரிவாக ஆராய்ந்தார். காலனித்துவம் ஒரு சமூகத்தினுள் நுழைவதற்கு முன்னரே, அச்சமூகம் தன் உள்ளார்ந்த இயக்கத்தை இழந்திருக்கின்றது. சிந்தனை தேங்கி, கடமையுணர்வு மங்கி, உரிமைகளைப் பற்றிய பேச்சு மட்டும் எஞ்சுகின்றது. வெளிப்பகைவன் வெளியேறினாலும் இந்நிலை மாறாதவரை விடுதலை முழுமை பெறாது.

ஒரு சமூகத்தின் நிலையை, அதன் மக்கள் தமது உள்ளங்களில் ஏற்படுத்தும் மாற்றத்துடன் இணைத்துப் பேசும் ஸூரா அர்ரஃதின் பதினோராம் வசனமே அவரது சிந்தனையின் அச்சாணி. சமூக மாற்றத்தின் விதியாகவே அவர் அதனைக் கண்டார். முஸ்லிம் உலகின் சரிவை முவஹ்ஹிதூன்களுக்குப் பிந்திய மனிதனிடமிருந்து அவர் தொடங்குவது, அவர் இப்னு கல்தூனின் மாணாக்கர் என்பதைக் காட்டுகின்றது.

இக்கருத்து விமர்சனத்திற்கு உள்ளானது. பாதிக்கப்பட்டோரையே குற்றவாளியாக்கும் அபாயம் இதில் உண்டு என்பதை மறுக்கவியலாது. ஆயின் போரோவின் பள்ளி கூறியதும் பின் நபி கூறியதும் ஒன்றல்ல. முன்னையது குறையை மூளையில் நிலைநிறுத்தி மாற்றத்தின் கதவை அடைத்தது. பின்னையது குறையை வரலாற்றில் இனங்கண்டு மாற்றத்தின் பொறுப்பை மனிதனிடம் ஒப்படைத்தது. ஒன்று தீர்ப்பு, மற்றது அழைப்பு.

முடிவுரை

மேலே நோக்கியவற்றிலிருந்து இரு விடயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, எந்தவொரு மக்கட் கூட்டத்தின் நடத்தையையும் அதன் மாறா இயல்பாகக் கூறும் கூற்றை நாம் ஐயத்துடனேயே அணுக வேண்டும். அக்கூற்று ஆய்வேட்டிலிருந்து வந்தாலும், அரசியல் மேடையிலிருந்து வந்தாலும், நமது சமூகத்தினுள்ளேயே ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரைப் பற்றிக் கூறுவதாயினும் நிலை இதுவே. ‘இவர்கள் இப்படித்தான்’ என்ற சொற்றொடர் பெரும்பாலும் ஓர் அநீதியின் தடயத்தை மறைக்கின்றது. பிளிதாவில் ஒரு கோப்பிக்கடையும் ஒரு கதைசொல்லியும் தகர்த்தது இத்தகையதொரு சொற்றொடரைத்தான்.

இரண்டாவது, சூழலின் மீது பழிசுமத்துவதோடு மனிதனின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. சூழலே மனிதனின் கைகளால் ஆனது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் மாணவரை நடத்தும் விதம், குடும்பத்தில் பெரியோர் சிறியோருக்குக் காது கொடுக்கும் விதம், நிறுவனங்கள் எளியவரை வரவேற்கும் விதம் ஆகியவையே நாளைய உள்ளங்களை வார்க்கின்றன. அச்சத்தால் அடங்கியிருக்கும் மாணவனை நாம் ஒழுக்கமுள்ளவன் எனக் கருதுவோமாயின், ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் கல்அத் இப்னு ஸலாமாவில் எழுதப்பட்ட எச்சரிக்கையை நாம் இன்னும் வாசிக்கவில்லை என்பதே பொருள்.

உளமருத்துவமும் உளவளத்துணையும் நமது சமூகங்களில் மெல்ல வேரூன்றி வரும் காலமிது. பிறநாட்டில் உருவான சோதனைகளையும் சிகிச்சை முறைகளையும் நாம் பெற்றுக்கொள்வதில் தவறில்லை. அறிவு எங்கிருந்து வரினும் பெறத்தக்கதே. ஆயின் அவற்றின் முன் நமது மக்கள் மௌனம் சாதிக்கும்போது, அம்மௌனத்தைக் குறைபாடாகப் பதிவுசெய்வதற்கு முன்னர், நாம் கேட்ட வினா அவர்களது வாழ்விலிருந்து எழுந்ததா என்பதை முதலில் ஆராய்வது நமது கடமையாகும்.